மழையை அளந்தவர் அணுவைக் கண்டார்!

ஜான் டால்ட்டன் என்றதும் அணுவின் நினைவுதான் வரும். பள்ளிக்கூடத்தில் ரசாயனம் படித்தவர்கள் எல்லோரும் அந்தப் பெயரை மனப்பாடம் செய்திருப்பார்கள்.

ஆனால் டால்ட்டன் தம் வாழ்நாளில் விடாமல் செய்துவந்த வேலை அணு ஆராய்ச்சி அல்ல. மழையையும், காற்றையும், வெயிலையும் அளந்து எழுதியதுதான் அந்த வேலை!

ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. 57 ஆண்டுகள் எழுதினார். அவர் எழுதிவைத்த குறிப்புகள் 2 லட்சத்துக்கும் மேல்.

அந்த வேலைக்கு அவரை யாரும் நியமிக்கவில்லை. யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. கருவிகளைக் கூட அவரே செய்துகொண்டார்.

நெசவாளியின் மகன்

இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் கம்பர்லாந்து என்று ஒரு பகுதி. மலைகளும் ஏரிகளும் நிறைந்தது. இங்கிலாந்திலேயே மிகுதியாக மழை பெய்யும் இடம் அதுதான்.

அங்கே ஈகிள்ஸ்பீல்டு என்ற சிற்றூரில், 1766-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஜான் டால்ட்டன் பிறந்தான். தந்தை ஜோசப், கைத்தறி நெசவாளி. கொஞ்சம் நிலமும் உண்டு. சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை, அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அந்தக் குடும்பம் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. ஆடம்பரம் கூடாது, சத்தியம் செய்யக் கூடாது, எல்லோரும் சமம் என்பது அவர்கள் கொள்கை. அரசாங்க மதத்தை ஏற்காதவர்களுக்கு அக்காலத்தில் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் இடம் கிடையாது. கேம்பிரிட்ஜில் பட்டம் கிடையாது. எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும், அந்த வாசல்கள் ஜானுக்கு மூடியே இருந்தன.

ஆனால் வேறொரு வாசல் திறந்தது.

அதே ஊரில் எலிகு ராபின்சன் என்ற வசதியான குவேக்கர் இருந்தார். வானிலையைக் கவனிப்பதில் அவருக்குத் தீராத ஆசை. அதற்கு வேண்டிய கருவிகளையும் தாமே செய்வார். ஆர்வமுள்ள பையன்களுக்கு மாலை வேளையில் கணக்குச் சொல்லிக்கொடுப்பார்.

அந்த வீட்டுக்கு ஜான் போனான். கணக்கைக் கற்றான். கூடவே, கண்ணாடிக் குழாய்க்குள் பாதரசம் ஏறி இறங்குவதையும் பார்த்தான். அந்தக் காட்சி அவனைப் பற்றிக்கொண்டது. பிறகு விடவே இல்லை.

12 வயது வாத்தியார்

1778-ம் ஆண்டில் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் வேலையை விட்டுவிட்டார். அந்த இடத்துக்கு வந்தவன் யார் தெரியுமா? 12 வயதுச் சிறுவன் ஜான்!

மாணவர்களில் சிலர் அவனைவிடப் பெரியவர்கள். தண்டித்தால் சண்டைக்கு வருவார்கள். வாத்தியாரை மல்லுக்கு அழைத்த பையன்களும் உண்டு. வருமானமோ மிகச் சொற்பம்.

2 ஆண்டுகள் சமாளித்தான். பிறகு பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு வயல் வேலைக்குப் போனான். அவன் வாழ்க்கை அதோடு மண்வெட்டியில் முடிந்திருக்கக் கூடும்.

1781-ம் ஆண்டில் கெண்டல் நகரிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே அவனுடைய உறவினர் ஒருவர் குவேக்கர் பள்ளிக்கூடம் நடத்திவந்தார். ஜானின் அண்ணன் ஜோனத்தான் அங்கே துணை ஆசிரியர். ஜானும் போய்ச் சேர்ந்தான். 4 ஆண்டுகளில் உறவினர் ஓய்வு பெற்றார். அண்ணனும் தம்பியும் பள்ளிக்கூடத்தை ஏற்று நடத்தினார்கள். சகோதரி மேரி வீட்டைக் கவனித்துக்கொண்டாள்.

கண் தெரியாத குரு

கெண்டலில்தான் டால்ட்டனுக்கு உண்மையான குரு கிடைத்தார். அவர் பெயர் ஜான் காப்.

குழந்தைப் பருவத்திலேயே அம்மை நோய் காப்பின் பார்வையைப் பறித்துவிட்டது. ஆனாலும் அவர் பெரிய படிப்பாளி. கிரேக்கமும் லத்தீனும் தெரியும். கணிதத்தில் நிபுணர். செடிகளைத் தொட்டும், முகர்ந்தும், நாவால் தடவியும் அவற்றின் பெயரைச் சொல்லிவிடுவார்.

டால்ட்டன் அவருக்குப் படித்துக் காட்டினார், எழுதிக் கொடுத்தார். காப் அவருக்குப் பாடம் சொன்னார். பணம் கைமாறவில்லை. அறிவு கைமாறியது.

காப் கொடுத்த யோசனைகளில் ஒன்று, தினந்தோறும் வானிலைக் குறிப்பு எழுதவேண்டும் என்பது. தாம் பார்க்க முடியாத வானத்தைத் தம் சீடன் பார்த்து எழுதட்டும் என்று அந்தக் குருடர் விரும்பினார்!

1787-ம் ஆண்டு மார்ச் மாதம் 24-ந் தேதி டால்ட்டன் முதல் குறிப்பை எழுதினார். அன்றிரவு வானில் துருவ ஒளி தோன்றியிருந்தது. வட தேசங்களில் பச்சையும் சிவப்புமாக வானத்தில் ஆடும் அந்த அற்புத ஒளியைப் பற்றியதுதான் அவருடைய நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கம். அப்போது அவருக்கு வயது 20.

கருவிகள் கைவேலை

கடையில் விற்ற கருவிகளை வாங்க ஏழை வாத்தியாரால் முடியுமா? டால்ட்டன் தாமே செய்யத் தொடங்கினார்.

ஒரு பக்கம் மூடிய நீண்ட கண்ணாடிக் குழாய். அதில் பாதரசத்தை நிரப்பி, ஒரு கிண்ணத்துப் பாதரசத்தில் தலைகீழாக நிறுத்தினால் பாரமானி தயார். காற்றின் அழுத்தம் அதில் தெரியும். பாதரசம் சுமார் 30 அங்குல உயரத்தில் நிற்கும். புயல் வருமுன் இறங்கும்.

காற்றில் உள்ள ஈரத்தை அளக்க அவருக்கு ஒரு கயிறு போதும். முறுக்கிய கயிறு ஈரம் பட்டால் சுருங்கும், உலர்ந்தால் நீளும். அதன் நுனி எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வார்.

மழையை அளப்பது அதைவிட எளிது. ஒரு புனல், அதன் கீழே ஒரு பாட்டில். புனலின் அகலம் தெரிந்தால், பாட்டிலில் விழுந்த நீரைக் கொண்டு எத்தனை அங்குல மழை என்று கணக்கிடலாம்.

இவை எல்லாம் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் செய்யக் கூடியவைதான். டால்ட்டனின் பெருமை கருவியில் இல்லை. ஒரு நாளும் தவறாமல் அதைப் பார்த்ததில் இருக்கிறது.

இரண்டு ஊர், ஒரு வானம்

ஒரே இடத்தில் அளந்தால் அந்த ஊர்ச் சங்கதிதான் தெரியும். மழை எப்படி நகர்கிறது, காற்று எப்படி மாறுகிறது என்று தெரியவேண்டுமானால் பல இடங்களில் ஆட்கள் வேண்டும்.

டால்ட்டன் அப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடித்தார்.

கெண்டலுக்கு வடக்கே, 20 மைலுக்கு மேல் தொலைவில், ஏரிக்கரையில் கெஸ்விக் என்ற ஊர் இருக்கிறது. அங்கே பீட்டர் கிராஸ்த்வைட் என்பவர் பொருட்காட்சி சாலை ஒன்று நடத்தினார். கடலோடியாக இருந்து திரும்பியவர். விசித்திரமான பொருள்களைச் சேர்ப்பதும், புதிய கருவிகளைச் செய்து பார்ப்பதும் அவர் பொழுதுபோக்கு. விஞ்ஞானப் பட்டம் எதுவும் கிடையாது.

டால்ட்டன் தாம் செய்த கருவிகளை அவருக்குக் கொடுத்தார். கெண்டலில் டால்ட்டன், கெஸ்விக்கில் கிராஸ்த்வைட். இரண்டு ஊர்களிலும் ஒரே மாதிரி கருவிகள். ஒரே மாதிரி குறிப்புகள். 5 ஆண்டுகள் இது நடந்தது.

துருவ ஒளி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது அக்காலத்தில் பெரிய புதிர். மேகத்தின் பக்கத்தில் இருப்பதாகச் சிலர் நம்பினார்கள். டால்ட்டன் சாதாரணக் கணக்கைக் கொண்டு அதை அவிழ்க்க முயன்றார். ஒரே ஒளியை இரண்டு ஊர்களில் இருந்து இருவர் பார்த்து, அது எந்தக் கோணத்தில் தெரிகிறது என்று குறித்தால், உயரத்தைக் கணக்கிட்டுவிடலாம் அல்லவா?

இந்த முறையை அவர் கடைசிவரை கைவிடவில்லை. 1826-ம் ஆண்டு மார்ச் 29-ந் தேதி இரவு தோன்றிய துருவ ஒளியைப் பல ஊர்களில் பலர் பார்த்தார்கள். அவர்களுடைய குறிப்புகளைச் சேர்த்து டால்ட்டன் கணக்குப் போட்டார். சுமார் 100 மைல் உயரம் என்று விடை வந்தது. அதாவது 160 கிலோமீட்டர். இன்றைய விஞ்ஞானமும் துருவ ஒளி பெரும்பாலும் 100 கிலோமீட்டருக்கு மேல்தான் தோன்றுகிறது என்று சொல்கிறது. ராக்கெட் இல்லை, விமானம் இல்லை. வீட்டு வாசலில் நின்று வானத்தைப் பார்த்த சாதாரண மனிதர்கள் கொடுத்த விடை அது!

விற்காத புத்தகம்

1793-ம் ஆண்டில் டால்ட்டனின் முதல் புத்தகம் வெளிவந்தது. வானிலைக் குறிப்புகளும் கட்டுரைகளும் அடங்கியது. கெண்டல், கெஸ்விக் கணக்குகள் அதில் இருந்தன.

பூமி சுழல்வதால் வியாபாரக் காற்றுகள் எப்படித் திசை மாறி வீசுகின்றன என்றும் அதில் எழுதியிருந்தார். தாமே கண்டுபிடித்ததாக நம்பினார். அச்சு வேலை நடந்துகொண்டிருந்தபோது, ஜார்ஜ் ஹாட்லி என்பவர் 1735-ம் ஆண்டிலேயே அதைச் சொல்லிவிட்டார் என்று தெரிந்தது. டால்ட்டன் மறைக்கவில்லை. பெருமை ஹாட்லிக்கே உரியது என்று அதே புத்தகத்தில் ஒப்புக்கொண்டார்.

புத்தகம் அதிகமாக விற்கவில்லை. ஆனால் பின்னாளில் உலகம் வியந்த அவருடைய கருத்துக்களின் விதைகள் அதிலேயே இருந்தன.

கிணற்று நீர் எங்கிருந்து வருகிறது?

அதே ஆண்டில் டால்ட்டன் மான்செஸ்டர் நகருக்குப் போனார். ஆக்ஸ்போர்டில் இடம் பெற முடியாதவர்களுக்காக நடந்த கல்லூரி ஒன்றில் ஆசிரியர் வேலை. 1800-ம் ஆண்டில் அதையும் விட்டார். அதன்பின் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியே வாழ்ந்தார்.

மழை மட்டும் அவரை விடவில்லை.

ஆற்றிலும் ஊற்றிலும் ஓடும் நீர் முழுவதும் மழையிலிருந்துதான் வருகிறதா? பூமிக்கு அடியில் இருந்து வேறு நீர் வருகிறதா? இது அறிஞர்களுக்குள் பழைய வழக்கு.

தாமஸ் ஹாயில் என்ற நண்பரைச் சேர்த்துக்கொண்டு டால்ட்டன் ஒரு பரிசோதனை செய்தார். 10 அங்குல அகலமும் 3 அடி ஆழமும் உள்ள தகரப் பாத்திரம் ஒன்றை மண் நிரப்பித் தரையில் புதைத்தார்கள். மேலே புல் முளைத்தது. மண்ணில் ஊறி இறங்கும் நீரையும், மேலே வழிந்து ஓடும் நீரையும் குழாய் வைத்துப் பாட்டில்களில் பிடித்தார்கள். 3 ஆண்டுகள் அளந்தார்கள்.

மழைக் கணக்குக்கு நாட்டின் பல பகுதிகளில் ஆர்வலர்கள் எடுத்த அளவுகள் உதவின. பாதிரியார், வைத்தியர், பண்ணையார் என்று பலரும் அந்நாளில் வீட்டுத் தோட்டத்தில் மழைமானி வைத்திருந்தார்கள். அவற்றைக் கூட்டிப் பார்த்தார் டால்ட்டன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண்டுக்குச் சராசரி 31 அங்குல மழை. பனித்துளி 5 அங்குலம். ஆறுகள் கடலுக்குக் கொண்டுபோவது 13 அங்குலம் என்று மதிப்பிட்டார். மீதி ஆவியாகிறது.

ஆறுகளுக்கும் ஊற்றுகளுக்கும் மழையே போதும். வேறு ரகசிய நீர் எதுவும் தேவையில்லை. 1799-ம் ஆண்டில் அவர் சொன்ன முடிவு இது. ஒரு நாட்டின் நீர் வரவையும் செலவையும் கணக்கெழுதிய முதல் மனிதர்களில் அவர் ஒருவர்.

மழையிலிருந்து அணுவுக்கு

காற்றில் நீராவி எப்படிக் கலந்து நிற்கிறது? இந்தக் கேள்வி அவரை உறங்கவிடவில்லை.

காற்றில் பிராணவாயு இருக்கிறது. நைட்ரஜன் இருக்கிறது. நீராவியும் இருக்கிறது. ஒன்று கனமானது, ஒன்று லேசானது. எண்ணெயும் தண்ணீரும் போல அவை ஏன் பிரிந்து படியவில்லை? மலை உச்சிகளில் இருந்து காற்றைப் பிடித்துவந்து பரிசோதித்தார். ஹெல்வெலின் என்ற மலையில் பாரமானியும் கையுமாகப் பல முறை ஏறினார்.

கலவையில் ஒவ்வொரு வாயுவும் மற்றது அங்கே இல்லாதது போலத் தனித்தே அழுத்தம் கொடுக்கிறது என்று 1801-ம் ஆண்டில் கண்டார். அப்படியானால் வாயுக்கள் தனித்தனித் துகள்களால் ஆனவை. ஒரு வாயுவின் துகள் மற்றதன் துகளைப் போன்றதல்ல. அவற்றின் எடையும் வேறாகத்தானே இருக்கவேண்டும்?

1803-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி, அணுக்களின் எடையை ஒப்பிட்டு நோட்டில் ஒரு பட்டியல் எழுதினார். ஹைட்ரஜனின் எடை 1 என்று வைத்து மற்றவற்றைக் கணக்கிட்டார். 1808-ம் ஆண்டில் அவருடைய புகழ்பெற்ற ரசாயன நூல் வெளிவந்தது. அணு என்ற பழைய கற்பனைக்கு எடை என்ற எண் கிடைத்தது!

அவருடைய எண்கள் பல சரியில்லை. தண்ணீரில் ஒரு ஹைட்ரஜன் அணுவுக்கு ஒரு பிராணவாயு அணு என்று நினைத்தார். அது தவறு. ஆனால் பாதை சரி. பின்னால் வந்தவர்கள் எண்களைத் திருத்திக்கொண்டார்கள்.

ஜன்னலும் கடிகாரமும்

புகழ் வந்தது. வாழ்க்கை மாறவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மான்செஸ்டரில் ஒரு பாதிரியார் குடும்பத்தோடு சுமார் 25 ஆண்டுகள் தங்கியிருந்தார்.

காலையில் குறித்த நேரத்தில் ஜன்னலைத் திறந்து உஷ்ணமானியைப் பார்ப்பார். அவர் தலை தெரிந்தால் எதிர்வீட்டு அம்மாளுக்கு மணி தெரிந்துவிடும் என்று சொல்வார்கள். வியாழக்கிழமை மாலையில் மட்டும் பந்து உருட்டி விளையாடுவார். விளையாட்டு முடிந்ததும் மறுபடியும் வேலை.

பிரான்ஸ் தேசத்து ரசாயன நிபுணர் ஒருவர் இந்த மகா விஞ்ஞானியைத் தரிசிக்க வந்தார். பெரிய மாளிகையை எதிர்பார்த்தார். ஒரு சிறு அறையில், ஒரு சின்னப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார் டால்ட்டன். பையனின் கணக்கு முடியும்வரை விருந்தாளியைக் காத்திருக்கச் சொன்னாராம்!

அவரிடம் 1834-ம் ஆண்டு முதல் கணக்குப் படித்த பிள்ளைகளில் மதுபானத் தொழிலதிபர் ஒருவரின் மகனும் ஒருவன். பெயர் ஜேம்ஸ் ஜூல். சக்தியை அளக்கும் அலகுக்கு இன்று அவன் பெயர்தான் வழங்குகிறது.

சிவப்பு அங்கி

டால்ட்டனுக்கு ஒரு குறை இருந்தது. அதையும் அவரே கண்டுபிடித்தார். ஒரு பூ பகலில் நீலமாகவும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிவப்பாகவும் அவருக்குத் தெரிந்தது. மற்றவர்கள் கண்ணுக்கு அப்படித் தெரியவில்லை. அண்ணனுக்கும் அதே குறை. 1794-ம் ஆண்டில் இதைப் பற்றிக் கட்டுரை படித்தார். நிறக்குருடு பற்றிய முதல் விஞ்ஞானக் கட்டுரைகளில் அது ஒன்று. கண்ணுக்குள் உள்ள திரவம் நீலமாக இருப்பதே காரணம் என்று எண்ணினார். இறந்த பிறகு தம் கண்ணை அறுத்துப் பார்க்கும்படி சொல்லிவைத்தார். பார்த்தார்கள், திரவம் தெளிவாகவே இருந்தது. அவருடைய கருத்து தவறு என்று அவர் கண்ணே சாட்சி சொன்னது. பாதுகாத்து வைத்திருந்த அந்தக் கண்ணின் பகுதியை 1995-ம் ஆண்டில் மரபணுச் சோதனை செய்து, உண்மையான காரணத்தை விஞ்ஞானிகள் கண்டார்கள்.

எந்த ஆக்ஸ்போர்டு அவருக்கு வாசலை மூடியதோ, அதே ஆக்ஸ்போர்டு 1832-ம் ஆண்டில் டாக்டர் பட்டம் கொடுத்தது. 1834-ம் ஆண்டில் அந்தப் பட்டத்துக்குரிய அங்கியோடு மன்னர் நான்காம் வில்லியத்தைக் கண்டார். அது செக்கச் சிவந்த அங்கி. குவேக்கர்கள் அணியக் கூடாத நிறம். டால்ட்டன் கண்ணுக்கோ அது இலையின் நிறம். கவலையே இல்லாமல் அணிந்து போனார்!

கடைசி வரி

1837-ம் ஆண்டில் பக்கவாதம் தாக்கியது. பேச்சுத் தடுமாறியது. கை நடுங்கியது. நோட்டு மட்டும் மூடப்படவில்லை.

1844-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி இரவு, வழக்கம்போல் பாரமானியையும் உஷ்ணமானியையும் பார்த்தார். அன்று சிறிது மழை பெய்தது என்று நடுங்கும் கையால் எழுதினார். மறுநாள் காலையில் உயிர் பிரிந்திருந்தது. வயது 77.

நகர மண்டபத்தில் உடல் வைக்கப்பட்டது. சுமார் 40 ஆயிரம் பேர் வரிசையில் வந்து அஞ்சலி செலுத்தினார்கள். மன்னர்களுக்கு நடப்பது போன்ற மரியாதை ஒரு நெசவாளியின் மகனுக்கு நடந்தது.

1940-ம் ஆண்டு டிசம்பரில் ஜெர்மன் விமானங்கள் மான்செஸ்டர் மீது குண்டு பொழிந்தன. டால்ட்டனின் கையெழுத்துப் பிரதிகளில் பெரும்பகுதி தீயில் எரிந்தது. அவரைப் புதைத்த ஆர்ட்விக் இடுகாடும் பின்னர் விளையாட்டு மைதானமாக மாறிவிட்டது.

காகிதம் எரியலாம், கல்லறை மறையலாம். டால்ட்டன் காட்டிய வழி எரியவில்லை. ஒரு புனல், ஒரு பாட்டில், ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தால் போதும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எந்த ஊரிலும் மழையை அளக்கலாம். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் அளந்ததோடு ஒப்பிடலாம்.

ஒரு நாள் அளப்பது யாருக்கும் எளிது. மறுநாளும் அளப்பதுதான் கடினம். அந்தக் கடினமான வேலையை 57 ஆண்டுகள் செய்ததால்தான், மழையைப் பார்க்கத் தொடங்கிய ஏழைச் சிறுவனுக்குக் கண்ணுக்குத் தெரியாத அணுவின் எடையை எண்ணிப் பார்க்க முடிந்தது.